நத்தை உதறிய புல்

“கறக்...”

பக்கத்து அறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். இயந்திரச் சக்கரம் இன்னொரு சுற்று சுற்றியது. மறுபடியும் அதே சத்தம். மணலைப் பல்லில் கடித்தது போல.

“என்னம்மா, உள்ளே கல்லா உடைக்கிற? கத்தி போன வாரம்தான் புதுசா மாட்டினது!”

“கல் இல்ல சார். ஈரல்தான்.”

“ஈரல் எப்பம்மா கறக்குன்னு பேசுச்சு?”

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். மெழுகு அக்கா சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மெழுகுக்குள் பதித்த ஈரல் துண்டு கத்திக்கு எதிரே நின்றது. ரிப்பன் போல மெல்லிசாய் நீண்டு வர வேண்டிய சீவல், நடுவில் கிழிந்து தொங்கியது.

“இது எங்க வீட்டு மாட்டோடது சார்,” என்றாள். “சீமாட்டியோடது.”

கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மெழுகு அக்கா. செத்த மாட்டின் ஈரலோ நுரையீரலோ மருந்துப் பாட்டிலில் வந்து சேர்ந்தால், அதை மெழுகில் பதித்து, பூண்டுத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. பார்த்துச் சொல்வது டாக்டர். சீவுகிற நேரத்தில் அவள் மூச்சுவிட மாட்டாள். மூச்சுக்காற்று பட்டால் சீவல் பறந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, வெங்காயம் நறுக்கும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்வாள். “அண்ணி நறுக்கின வெங்காயத்தை வெச்சு ஜன்னலுக்குக் கண்ணாடி போடலாம்” என்று கொழுந்தன் கேலி பேசுவான்.

கண்ணாடி கழுவத்தான் அவள் முதலில் அங்கே வந்தாள். முதல்முறை ஈரலைத் தொட்ட அன்று வாந்தி எடுத்து, மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தாள். இப்போது ஈரலும் கையுமாகப் பாதி ஆயுசு ஓடிவிட்டது. கல்யாணமாகி வந்த வாரமே மாமனார் சொன்னார்: “மருமகளே, தப்பா நினைக்காதே. உன் மேல மருந்து வாசம் அடிக்குது. தொழுவத்துப் பக்கம் வராதே, மாடு பாலை மறைச்சுடும்.” அவள் சிரித்துக்கொண்டாள். ஆனால் மாடும் அவளை மோந்து பார்த்துவிட்டு, ஏதோ பெரிய இடத்துப் பெண் போல முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. “சீமாட்டிக்கு வந்த ராங்கியைப் பாரேன்!” என்று அவள் சொல்லப்போய், அதுவே அந்த மாட்டுக்குப் பெயராகிவிட்டது.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, மாமனாருக்கு வீட்டில் பேச்சுத்துணை அந்த மாடுதான். காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதல் வார்த்தை. கோபித்துக்கொண்டால் அதனிடமும் பேச மாட்டார்.

பிறகு சின்னவள் வந்தாள். கொழுந்தனின் மனைவி. அவளுடைய அண்ணன் ரொட்டிக்கடைக்காரர். அவள் துணியிலும் தலைமுடியிலும் எப்போதும் வெந்த மாவின் வாசம். சீமாட்டி முதல் நாளே அவள் கையை நக்கியது. பால் கறக்க அவளைத் தவிர வேறு யாரையும் விடவில்லை. மாமனார் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குறை இருந்ததை மெழுகு அக்கா கவனித்திருக்கிறாள். தன் பிள்ளை அடுத்த வீட்டு மடியில் போய் உட்கார்ந்துகொண்டால் வருகிற குறை அது.

அப்படி இருந்த சீமாட்டிதான் மெலிந்தது. முதலில் பால் குறைந்தது. பிறகு விலா எலும்பு தெரிந்தது. கழிச்சல் நிற்கவே இல்லை. கடைசியில் தாடைக்கு அடியில், நீர் நிரப்பிய பை போல ஒரு வீக்கம் தொங்கியது. பார்க்கப் பொறுக்காமல் சின்னவள் அண்ணன் கடையிலிருந்து மீந்த ரொட்டியைக் கொண்டுவந்து, நனைத்து, கையால் ஊட்டினாள். அதை மட்டும் தின்றது. போன வாரம் ஒரு மழை நாளில் தொழுவத்தில் சாய்ந்தது, எழுந்திருக்கவில்லை.

மாமனார் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சின்னவளைப் பார்த்துக் கேட்டார்:

“எலிக்கு மருந்து வெச்ச மாவுல சுட்ட ரொட்டிதானே அது? உங்க அண்ணன் கடையில வேற எது மிஞ்சும்?”

சின்னவள் கையில் ரொட்டி நனைத்த பாத்திரம் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“என்னைச் சொல்லுங்க மாமா, பொறுத்துக்கறேன். எங்கண்ணன் கையைச் சொல்லாதீங்க. அந்தக் கைதான் என்னை வளர்த்துச்சு.”

ஒரே ஒரு பையோடு அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் அப்பாவையும் ஒன்றும் சொல்லவில்லை, அவளையும் தடுக்கவில்லை. வாயில் பூட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரை வரவழைத்தவள் மெழுகு அக்காதான். அவர் கொட்டுகிற மழையில், குடைக்குக் கீழே அவசர அவசரமாக மாட்டைத் திறந்து பார்த்தார். “ஈரல்தான் போயிருக்கு. எதனாலன்னு லேப்லதான் சொல்லணும்” என்று சில துண்டுகளைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை மாமனார் பிடித்துக்கொண்டார். “ஈரல் போச்சுன்னா விஷம்தானே? அறுத்துப் பாரு மருமகளே. உன் கையாலேயே அறுத்துப் பாரு. கண்ணால பார்த்தா நான் நம்பறேன்.”

இன்று மாலை ரொட்டிக்கடைக்காரர் வருகிறார். தங்கையின் தையல் மிஷினையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போக. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு குடித்தனம் உடைவதும் உடையாததும் மெழுகில் நின்ற அந்தத் துண்டு ஈரலில் இருந்தது. அதுவோ கத்தியைக் கடித்தது.

“அழுத்தாதே,” என்றார் டாக்டர். “சுண்ணாம்பு ஏறியிருக்கு. கொஞ்ச நேரம் அமிலத்துல மெழுகுக் கட்டியோட முகத்தைக் கவுத்து வை. சுண்ணாம்பு இளகட்டும்.”

வைத்தாள். எடுத்தாள், கழுவினாள், குளிர்வித்தாள். கத்தியை அதன் மழுங்காத பக்கத்துக்கு மாற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். இந்தத் தடவை ரிப்பன் கிழியாமல் வந்தது. வெந்நீரில் அது விரிந்து மிதந்தபோதுதான் மூச்சு விட்டாள். அந்த மூச்சில் ஒரு விம்மலும் கலந்து வெளியே வந்துவிட்டது.

சாயம் ஏறி, தகடு காய்ந்து, டாக்டரின் கண்ணுக்குக் கீழே போனபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அவள் கதவுப் பக்கம் நின்றாள். கைத்துணியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள்.

“வா, நீயே பாரு.”

இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஈரல் விரிந்தது. அதன் குறுக்கே வெளிறிய தடங்கள் வளைந்து வளைந்து போயின.

“இது புழு நடந்த பாதை,” என்றார் டாக்டர். “குஞ்சா இருக்கும்போது குடலைத் துளைச்சு வெளியே வந்து, ஈரலுக்குள்ள புகுந்து, தின்னுக்கிட்டே போயிருக்கு. போன வழியெல்லாம் தழும்பு. அந்த இடத்துல இனிமே ஈரல் வேலை செய்யாது. கொஞ்சம் தள்ளு... அது பித்தக்குழாய். மெல்லிசா இருக்க வேண்டியது. சுவரைப் பாரு, தண்ணிக்குழாய் மாதிரி தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கு. அதுதான் உன் கத்தியைக் கடிச்சுது. எருமையா இருந்தா பெரும்பாலும் தடிக்கிறதோட நிக்கும். பசுவுக்குத்தான் இப்படிக் கல்லாப் போகும்.”

“குழாய்க்குள்ள என்னவோ இருக்கே சார்?”

“ஆசாமியேதான். தட்டைப்புழு. இலை மாதிரி இருப்பான். உன் கத்தியில குறுக்கே வெட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கான். இவனை மாதிரி இன்னும் எத்தனை பேர் குடியிருந்தானோ! ரத்தமும் சத்தும் இவங்களுக்கே போயிட்டா, தாடைக்குக் கீழே நீர் கோக்காம என்ன செய்யும்?”

“எவ்வளவு காலமா சார் இது?”

“சுண்ணாம்பு ஒரு நாள்ல படியுமா? மாசக்கணக்கு. வருஷம்கூட ஆகியிருக்கும்.”

“ரொட்டி... போன மாசம்தான் சார் குடுத்தா.”

“ரொட்டியா? அளவுக்கு மீறிப் போட்டா வயிறு உப்பும். ஈரல்ல பாதை வெட்டுமா?”

அவள் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் தகட்டைச் சட்டென்று நகர்த்தினார். “அழு, வேண்டாங்கல. ஸ்லைடு மேல அழாதே. மறுபடியும் நீதான் வெட்டணும்.”

அழுகைக்கு நடுவிலேயே அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“புல் எங்கே அறுக்கறீங்க?”

“வாய்க்கால்ல. மாமாதான் தினமும் போவார். தண்ணி ஓரம்தான் புல் பூப்போல இருக்கும்பார்.”

“நத்தை இருக்குமே?”

“இருக்கும் சார். ஆனா மாட்டு வாய்க்குப் போயிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா உதறிப் பொறுக்கிப் போட்டுட்டு, புல்லை அந்தத் தண்ணியிலேயே அலசித்தான் கொண்டுவருவார். அவ்வளவு பார்த்துப் பார்த்து...”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“நத்தையைத் தின்னா மாட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இவன் குஞ்சா அந்த நத்தைக்குள்ளதான் வளர்றான். அப்புறம் தண்ணியில இறங்கி, புல் தாள்ல ஒட்டிக்கிட்டு, மேலே ஒரு கூட்டைக் கட்டிக்கிறான். அவ்வளவு பொடிசு. நத்தையை உதறலாம்மா. அவனை உதற முடியாது. வீட்டுல வேற மாடு இருக்கா?”

“சீமாட்டியோட கன்னுக்குட்டி.”

“அதுக்கு மருந்து இருக்கு, காலையில ஆளை அனுப்பறேன். புல்லை மட்டும் இன்னிக்கே நிறுத்திடு.”

ஈரலில் மிச்சமிருந்த ஒரு துண்டைச் சின்னப் பாட்டிலில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்துக் கொடுத்தார். “பார்த்தாத்தானே நம்புவேன்னாரு? காட்டிட்டுத் திருப்பிக் கொண்டா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பாட்டிலைப் பைக்குள் கையால் பொத்திக்கொண்டே வந்தாள் மெழுகு அக்கா. சின்னவளை மீட்க இது போதும். ஆனால் மீதியை எப்படிச் சொல்வது? மாமியார் போன துக்கத்தையே அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அந்த மனிதர் தாண்டினார். அவரிடம் போய், நீங்கள் ஆசையாக அறுத்துப் போட்ட புல்தான் என்று எந்த நாக்கால் சொல்வது? ரொட்டி இல்லை, புழு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். புழு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்காவிட்டால் போயிற்று. நாளையிலிருந்து எதையாவது காரணம் சொல்லி வாய்க்காலுக்குப் போகாமல் செய்துவிடலாம். இப்படியே நினைத்துக்கொண்டு தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். இறங்கித் திரும்பி நடந்தாள்.

வாசலில் ரொட்டி வண்டி நின்றது. தையல் மிஷின் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர், புருவத்தில் இன்னும் மாவு. அண்ணனோடு வந்திருந்த சின்னவள் கூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுக்கு எதிர்ச் சுவரோடு கொழுந்தன். இருவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க தங்கச்சி,” என்றார் ரொட்டிக்கடைக்காரர். “நல்ல நேரத்துல வந்தீங்க. விஷ ரொட்டிக்காரன் கிளம்பறான். எதுக்கும் ஒரு பார்வை பார்த்துக்குங்க, உங்க வீட்டுப் பூனையைக் கீனையைக் கொன்னுட்டுப் போறேனான்னு.”

“அண்ணே, கயித்தை அவிழுங்க.”

“எதுக்கு?”

“அவிழுங்கண்ணே. மாமா எங்கே?”

கேட்டு முடிப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து அவர் வந்தார். தலையில் ஈரப்புல் கட்டு. தண்ணீர் தோளில் சொட்டியது. யாரையும் பார்க்காமல் நேரே தொழுவத்துக்குப் போனவரை மெழுகு அக்கா கூப்பிட்டாள்.

“மாமா, ரிசல்ட் வந்துடுச்சு. கண்ணால பார்த்தா நம்பறேன்னீங்க. பாருங்க.”

அவர் தொழுவத்து வாசலிலேயே கட்டை இறக்கிவிட்டுப் பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பழுப்புத் துண்டுக்கு நடுவே, உடைந்த சங்கு போல வெள்ளையாக ஒரு குழாய் வாய் திறந்திருந்தது.

“என்ன இது?”

“சீமாட்டி ஈரல். அந்த வெள்ளை, பித்தக்குழாய். கல்லாப் போயிருக்கு. என் கத்தியே நின்னு போச்சு மாமா. உள்ளே தட்டைப்புழு குடியிருந்திருக்கு. மாசக்கணக்கா ஈரலைத் தின்னிருக்கு. இந்தப் பொண்ணு ரொட்டி ஊட்டினது போன மாசம். அவ ரொட்டி குடுத்ததால மாடு மெலியல. மாடு மெலிஞ்சதைப் பார்த்துத்தான் அவ ரொட்டி குடுத்தா.”

சின்னவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரர் கயிற்றின் முனையைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து நின்றார்.

“விஷம் இல்லியா?” என்றார் மாமனார், சின்னக் குரலில்.

“இல்ல மாமா.”

அதோடு நிறுத்திக்கொள்ள நினைத்தாள். நிறுத்தியும்விட்டாள். அப்போதுதான் தொழுவத்தில் கயிறு இழுபடுவது தெரிந்தது. கன்றுக்குட்டி கழுத்தை நீட்டி, கீழே கிடந்த புல் கட்டிலிருந்து ஒரு கொத்தைக் கவ்வப் பார்த்தது. மெழுகு அக்கா ஓடினாள். அதன் வாயருகே இருந்த கட்டை இரு கைகளாலும் வாரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். சேலையெல்லாம் வாய்க்கால் தண்ணீர்.

மாமனார் அவளைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“நான்தான் நத்தையை எல்லாம் உதறிட்டேனே மருமகளே?”

இனி மறைக்க வழியில்லை. டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். வேகமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மெல்லிசாக, கிழியாமல் எடுத்து வைத்தாள். நத்தையிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து புல். அவர் கேட்டுக்கொண்டே மெதுவாகத் தொழுவத்துச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். தண்ணீரில் ஊறி வெடித்த தன் விரல்களை விரித்துப் பார்த்தார்.

“இந்தக் கையாலயா...”

“மாமா, உங்களுக்குத் தெரியாது. எனக்கும்தான் தோணல. ஊர் மாட்டு ஈரலையெல்லாம் அறுக்கிறவ, நம்ம வீட்டுப் புல்லை ஒரு நாள் எட்டிப் பார்க்கலையே. அதை விடுங்க. கன்னுக்குட்டிக்கு மருந்து இருக்கு. காலையில வருது.”

யாரும் எதிர்பார்க்காதபடி சின்னவள்தான் முதலில் அசைந்தாள். சுவரை விட்டு வந்து, மாமனார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“நீங்க ஆசையாத்தானே போட்டீங்க மாமா,” என்றாள். “நானும்தான் போட்டேன்.”

அந்த முதியவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. சீமாட்டி போன அன்று வராத அழுகை, ஒரு வாரம் எங்கோ தங்கியிருந்துவிட்டு இப்போது மொத்தமாக வந்தது. சத்தமில்லாமல் அழுதார். கன்றுக்குட்டி அவர் காதை நக்கியது. கொழுந்தன் கடைசியாக வாய்ப்பூட்டைத் திறந்தான்.

“அப்பா... நான்தான் அன்னிக்கே உங்களைத் தடுத்திருக்கணும்.”

“நீ எதைத்தான் தடுத்திருக்க?” என்றாள் சின்னவள், அவன் பக்கம் திரும்பாமல். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவன் முகம் அதற்கே மலர்ந்துவிட்டது.

மாமனார் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போனார். வண்டியிலிருந்த தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

“ஒரு கை குடுப்பா,” என்றார் ரொட்டிக்கடைக்காரரிடம். “எலி மாவுன்னு சொன்ன வாய் இதுதான். அதைத் திருப்பி எடுத்துக்க முடியாது. மிஷினையாவது இறக்கித் தரேன்.”

ரொட்டிக்கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். கோபத்தை விடுவதா வைத்துக்கொள்வதா என்று அந்தப் பெரிய முகம் யோசித்தது.

“தள்ளுங்க மாமா,” என்றார் கடைசியில். “இதைத் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிட்டா, அதுக்கும் என் ரொட்டிதான் காரணம்பீங்க.”

கொழுந்தன் மறுபக்கம் பிடிக்க, மிஷின் பழைய இடத்துக்கே, ஜன்னல் ஓரத்துக்கு வந்தது. பெட்டியும் வந்தது. மெழுகு அக்கா புல் கட்டைக் கொல்லை மேட்டில், மாட்டுக்கு எட்டாத இடத்தில் பரப்பிவிட்டு வந்து டீ போட்டாள். பாட்டிலைத் திரும்ப எடுக்கப் போனபோது மாமனார் ஒரு நிமிஷம் தரவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு தந்தார்.

“வலிச்சிருக்குமா மருமகளே அதுக்கு?”

வலித்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். “கடைசியா அது சாப்பிட்டது ரொட்டி மாமா,” என்றாள். “ஆசையா சாப்பிட்டுச்சு.”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். வெறும் வண்டியாகத் திரும்பப் போவதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வாசலில் நின்று, தங்கையின் தலையில் கை வைத்தார். மாவு கொஞ்சம் அவள் முடியில் ஒட்டிக்கொண்டது.

“வர்ற வாரம் வரேன்.”

“மிஷினைத் தூக்கவா?” என்றான் கொழுந்தன்.

“உன்னைத் தூக்க. வாயைத் திறக்காம இன்னொரு தடவை நின்னியோ, மாவு மிஷின்ல போட்டுடுவேன்.” மாமனாரைப் பார்த்தார். “கன்னுக்குட்டி ரொட்டி தின்னுமா மாமா?”

மாமனார் மெழுகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். “கொஞ்சமா” என்று விரலால் காட்டினாள்.

“கொஞ்சமாத் தின்னும்பா,” என்றார் அவர். “கொண்டா.”

வண்டி தெருமுனை திரும்பும்வரை சின்னவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.